கை கழுவினால் போதுமா?

தீமைக்குத் துணைபோகாதிருப்பது ஒன்று. தீமையைக் குறைப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணி நாம் பலவேளைகளில் மனநிறைவு கொண்டுவிடுகிறோம்.

அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவிப் பணத்தைக் குடும்பக் கட்டுப்பாட்டு முறையாகக் கருக்கலைப்புச் செய்வதற்குச் செலவிடலாகாது என்று 1973-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. 1984-இல் மெக்சிகோ நகரில் கூடிய மக்கள்தொகை மாநாட்டின்போது ரீகன் அரசு மேலும் ஒருபடி சென்றது. வேறு வழியில் வந்த பணத்தைக் கொண்டேனும் அதனைச் செய்கின்ற, அதற்காக வாதாடுகின்ற வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களுக்குக் குடும்பநல உதவி இல்லை என்றது. 1993-இல் கிளின்டன் இதை நீக்கினார்; 2001-இல் புஷ் மீட்டார். 2009-இல் ஒபாமா நீக்கினார். 2017-இல் டிரம்ப் மீட்டு, உலக நலவாழ்வு உதவிகளில் பெரும்பாலானவற்றிற்கும் விரிவாக்கினார். 2021-இல் பைடன் நீக்க, 2025-இல் அது மீண்டும் வந்தது.

கருவிலுள்ள உயிர் இறைவனின் கொடை. அதனைப் பறிக்க நமது கைப்பொருள் துணைபோகலாகாது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் விளைவு என்ன?

'லான்செட்' குழும மருத்துவ இதழ் ஒன்றில் 2019-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சகாராவுக்குத் தெற்கேயுள்ள 26 ஆப்பிரிக்க நாடுகளின் 1995 முதல் 2014 வரையிலான நிலையை அது ஆராய்ந்தது. இவ்வுதவியைப் பெரிதும் சார்ந்திருந்த நாடுகளில், தடை நடப்பிலிருந்த காலத்தில், கருக்கலைப்பு ஏனைய நாடுகளோடு ஒப்பிடுகையில் ஏறத்தாழ 40 விழுக்காடு மிகுந்ததாம். நிபந்தனையை ஏற்காத நிறுவனங்கள் உதவியை இழந்தன. கென்யாவில் சில மருத்துவ நிலையங்கள் மூடப்பட்டன. கருத்தடைச் சாதனங்கள் கிடைப்பது அருகியது. விரும்பாத கருவுறுதல் பெருகியது என்பதே ஆய்வாளர் கூறும் காரணம்.

செயற்கைக் கருத்தடையைத் திருச்சபை ஏற்பதில்லை. ஆகவே அவர்கள் கூறும் தீர்வை நாம் அப்படியே ஏற்க இயலாது. ஆனால் அந்தக் கணக்கைக் காணாதவர்போல் முகம் திருப்பிக்கொள்ளவும் இயலாது. உண்மைக்கு அஞ்சுவது விசுவாசமன்று.

நன்மை விளையும் என்பதற்காகத் தீமை செய்யலாகாது எனத் தூய பவுல் கற்பிக்கிறார். எனவே கருக்கலைப்புக்குப் பணம் கொடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. ஒரு கதவை அடைப்பவர் மற்றொன்றைத் திறக்கக் கடமைப்பட்டவர் என்றே சொல்கிறோம். பேறுகால மருத்துவமும், பிள்ளைக்குப் பாலும், கைவிடப்பட்ட தாய்க்கு அடைக்கலமும் தராத தடை, பிலாத்து கழுவிய கையைப் போன்றது. கை தூய்மையாயிற்று; குற்றமற்றவரோ மடிந்தார். நல்ல சமாரியர் வழிப்பறி செய்யாதிருந்ததோடு நின்றுவிடவில்லை. காயத்தைக் கட்டினார், சத்திரத்துக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தார், திரும்பி வருவதாகவும் வாக்களித்தார்.

2025-இல் அமெரிக்க அரசின் உதவி நிறுவனமே கலைக்கப்பட்டபோது, கத்தோலிக்கத் தொண்டுப் பணிகளும் முடங்கின. பன்னாட்டுக் காரித்தாஸ் அதைக் கடிந்துரைத்தது. உயிருக்காகக் குரல் கொடுப்போர் அந்த வேளையிலும் குரல் கொடுத்தோமா?

கருக்கலைப்புப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் எல்லாக் குருக்களுக்கும் நிலையாக அளித்தார். மனம் வருந்தி வரும் பெண்ணுக்கு நாம் மன்னிப்பை வழங்குகிறோம். அவள் அந்த முடிவுக்கு வருமுன் நமது வாசலைத் தட்டியிருந்தால், என்ன கொடுத்திருப்போம்? இக்கேள்வி வாஷிங்டனுக்கு மட்டும் உரியதன்று.