கூட்டம் இல்லாத தரிசனம் வேண்டுமா?

'விடிகாலையிலேயே போய்விடுங்கள். கூட்டமே இருக்காது. நின்று நிதானமாகத் தரிசனம் பண்ணலாம்!'

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகப் போகிறோம் என்று சொன்னால், உங்களுக்கு முதலில் கிடைக்கும் யோசனை இதுதான். நல்ல யோசனையும்கூட. விடுமுறை நாளில் பத்து மணிக்கு மேல் போனால் சுற்றுலா பஸ்கள், வரிசை வரிசையாகப் பள்ளிப் பிள்ளைகள், மூலைக்கு மூலை செல்போனில் படம் எடுப்பவர்கள்... போதாக்குறைக்குப் பாதத்தைப் பொசுக்கும் கல் தரை வேறு!

காலை ஆறு மணிக்கு நடை திறக்கும்போது போய்ப் பாருங்கள். அதன் அழகே தனி. கேரளாந்தகன் திருவாசலையும் ராஜராஜன் திருவாசலையும் கடந்து உள்ளே நுழைகிறீர்கள். காலடியில் கல் ஜில்லென்று இருக்கிறது. நந்தியெம்பெருமானின் பின்னால் கிழக்கு வெளுக்கிறது. 200 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் விமானத்தின் உச்சியில் முதல் கதிர் பட்டு, மெள்ள மெள்ளக் கீழே இறங்குகிறது. சந்நிதியில் பெருவுடையார், எதிரே நீங்கள். 'அப்பாடா... சுவாமியும் நானும் மட்டும்தான்' என்று மனசு நெகிழ்கிறது.

அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்து நிற்கிறது. நாற்பது பேர் திமுதிமுவென்று உள்ளே வருகிறார்கள். ஒரு குழந்தை அழுகிறது. ஒருவர் உங்கள் முன்னால் வந்து நின்று மறைக்கிறார். 'இவர்களுக்கு இப்போதுதான் வர வேண்டுமா?' என்று மனசு சுருங்குகிறது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எதிரில் இருப்பவர் அதே பெருவுடையார்தான். ஏற்றிய தீபமும் அதேதான். ஒரு நிமிடத்துக்கு முன் இருந்த நெகிழ்ச்சி எங்கே போயிற்று? கூட்டம் வந்ததும் போய்விடுகிற பக்தி, சுவாமி மேல் வைத்த பக்தியா? அமைதி மேல் வைத்த ஆசையா?

தனிமையை விரும்புவது தவறு என்று சொல்லவில்லை. சமையல், கணவர், பிள்ளைகள், மாமியாரின் மருந்து என்று நாள் முழுக்க ஓடுகிற உங்களுக்குச் சுவாமி முன்னால் ஐந்து நிமிடம் கிடைத்தால், அதுவே பெரிய பாக்கியம். ஆனால், தனிமைக்கு என்றே நம் மரபு வேறோர் இடத்தைக் காட்டியிருக்கிறது.

பூசலார் நாயனாரின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். சென்னைக்குப் பக்கத்தில் உள்ள திருநின்றவூரில், கையில் காசில்லாத அவர் மனத்துக்குள்ளேயே கல் சேர்த்து, அஸ்திவாரம் போட்டு, விமானம் எழுப்பிக் கோயில் கட்டினார். காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்கோயிலுக்கும் அதே நாளில் கும்பாபிஷேகம். மன்னனின் கனவில் வந்த ஈசன், தான் அன்று பூசலாரின் ஆலயத்துக்குப் போவதால் வேறு நாள் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மன்னன் ஊர் தேடி வந்து பூசலாரை வணங்கினான் என்கிறது பெரிய புராணம்.

கவனித்தீர்களா? தனிமை வேண்டுவோருக்கு மனக்கோயில் இருக்கிறது. அங்கே வரிசையும் இல்லை, இடிப்பவரும் இல்லை. ஆனால், அந்த மனக்கோயிலைக்கூட ஈசன் பூசலாரோடு வைத்துக்கொள்ளவில்லை. மன்னனிடம் சொல்லி, ஊருக்கே தெரிய வைத்துவிட்டார்! மனத்தில் கட்டிய கோயிலுக்கே இப்படியென்றால், கல்லில் கட்டிய கோயில் யாருக்காக?

இதற்குப் பெரிய கோயிலின் சுவர்களே பதில் சொல்கின்றன. 1010-ம் ஆண்டில் கட்டி நிறைவு செய்த முதலாம் ராஜராஜன், தான் கொடுத்தவை, தன் அக்கா குந்தவை கொடுத்தவை, தன் தேவியர் கொடுத்தவை, அவற்றோடு மற்றவர்கள் கொடுத்தவை எல்லாவற்றையும் விமானத்தில் கல்லிலே வெட்டச் சொன்னான். பிரதட்சிணம் வரும்போது கையெட்டும் உயரத்தில் நீங்கள் பார்த்துக்கொண்டே கடக்கும் எழுத்துகள் அவை.

வடக்குத் திருச்சுற்றின் வெளிப்புறத்தில் இன்னொரு பெரிய பட்டியல் உண்டு. கோயில் பணிக்காகத் திருவாரூர், திருவையாறு, பழையாறை போன்ற பல ஊர்க் கோயில்களிலிருந்து வந்து குடியேறிய 400 பெண்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. இன்னார், இந்தத் தெரு, இத்தனையாவது வீடு, முன்பு இருந்தது இந்த ஊர்க் கோயில் என்று தனித்தனியாகப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு. ஆண்டுக்கு நூறு கலம் நெல். பிறந்த ஊரை விட்டு வந்து இன்னொரு வாசலில் கோலம் போடும் உங்களுக்கு, 'முன்பு இருந்த ஊர்' என்ற அந்த வரியின் கனம் சொல்லாமலே புரியும்.

அதோடு முடியவில்லை. பாடுவோர், கொட்டு வாசிப்போர், சங்கு ஊதுவோர், விளக்கேற்றுவோர், நீர் தெளிப்போர், குடை பிடிப்போர், குயவர், வண்ணார், நாவிதர், தையல்காரர், தச்சர், கணக்கர் என்று பட்டியல் நீள்கிறது. சக்கரவர்த்தியின் பெயர் இருக்கும் அதே கோயிலில், துணி வெளுத்தவருக்கும் ஓர் இடம்!

இப்போது அந்த விடிகாலைக்குத் திரும்பி வாருங்கள். நீங்கள் நுழையும்போது பிராகாரம் பெருக்கியிருந்தது அல்லவா? மாலை தொடுத்து வந்திருந்தது. அபிஷேகத்துக்கு நீர் வந்திருந்தது. நைவேத்தியத்துக்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. 'நான்தான் முதல் ஆள்' என்று நீங்கள் நினைத்த நேரத்துக்கு முன்பே எத்தனையோ பேர் எழுந்து வந்து வேலையை முடித்திருக்கிறார்கள். ஆள் இல்லாத கோயில் என்று ஒன்று எப்போதுமே இருந்ததில்லை. நமக்காக உழைத்தவர்கள் கண்ணில் படவில்லை; அவ்வளவுதான்!

சந்நிதி விளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகளைக் கொடுப்பது வழக்கம். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர், தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு விழ விழக் குட்டிகள் வந்து எண்ணிக்கை குறையாது என்பதால், 'சாவா மூவாப் பேராடு' என்று அவற்றுக்குப் பெயர். கொடுத்தவர் ஒருவர், ஆடு மேய்த்தவர் ஒருவர், ஏற்றியவர் ஒருவர், அந்த வெளிச்சத்தில் கும்பிட்டவர்களோ ஊர் பேர் தெரியாத ஆயிரம் பேர். 'நான் ஏற்றிய விளக்கு. இந்த வெளிச்சத்தில் நான் மட்டும்தான் சுவாமியைப் பார்ப்பேன்' என்று எந்தப் புண்ணியவதியாவது சொல்லியிருப்பாளா?

'பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது' என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். விடிகாலையில் போனால் நீங்களே பார்க்கலாம். மேற்கே நீளமாக நிழல் விழுந்திருக்கும். விழுவதில் என்ன குறை? அந்த நிழலில் உட்கார்ந்து சோற்று மூட்டையைப் பிரிப்பவர்களிடம், 'நீ எந்த ஊர்?' என்று அது கேட்பதில்லை. நிழல் விழாத அதிசயத்தைவிட, எல்லோர் மேலும் விழுகிற நிழல் உயர்ந்ததில்லையா?

முண்டியடிப்பதில் உயிரே போகும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. 1997-ம் ஆண்டு ஜூன் மாதம், இதே கோயிலில் கும்பாபிஷேகத்தை ஒட்டி யாகசாலைப் பந்தல் தீப்பற்றியது. தீயிலும் நெரிசலிலுமாக நாற்பது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அத்தனை பேரும் சுவாமியைப் பார்க்க வந்தவர்கள்தான். அவர்களுக்காக வீட்டில் காத்திருந்தவர்கள் இருந்தார்கள். 23 ஆண்டுகள் கழித்து, 2020 பிப்ரவரி 5-ம் தேதி நடந்த கும்பாபிஷேகத்துக்கு மக்கள் மறுபடியும் திரண்டு வந்தார்கள். நாம் 'கூட்டம்' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறோமே, அதற்குள் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர், ஒரு வீடு, ஒரு வேண்டுதல் இருக்கிறது. ராஜராஜனின் பட்டியல் அதைத்தான் நமக்குச் சொல்லிக் கொடுக்கிறது.

பெரிய கோயிலை 1987-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். 2004-ல் கங்கைகொண்ட சோழபுரத்தையும் தாராசுரத்தையும் சேர்த்தபோது, மூன்றுக்கும் பொதுவாக 'வாழும் சோழர் பெருங்கோயில்கள்' என்று பெயர் கொடுத்தார்கள். கல் எப்படி வாழும்? ஆயிரம் வருடம் கழித்தும் ஒரு தாய், 'சாமி கும்பிட்டுக்கோடா கண்ணு' என்று குழந்தையின் கையைக் குவித்து விடுகிறாளே, அதனால்தான் வாழ்கிறது!

ஆகவே சகோதரிகளே, விடிகாலையிலேயே போங்கள். குளிர்ந்த கல்லில் நடந்து, பொன்னிறமாகும் விமானத்தைக் கண் குளிரப் பாருங்கள். பஸ் வந்து நின்று அந்த நாற்பது பேர் உள்ளே வரும்போது, ஓரடி தள்ளி நில்லுங்கள். எட்டிப் பார்க்கத் தவிக்கும் வயதான அம்மாவை உங்களுக்கு முன்னால் விடுங்கள். அழுகிற குழந்தையின் தாயிடம், 'இப்படி வாம்மா, இங்கிருந்து நன்றாகத் தெரியும்' என்று சொல்லுங்கள். உங்கள் தரிசனத்தில் ஒரு நிமிடம் குறையலாம். பெருவுடையார் அதைக் குறையாகக் கணக்கு வைக்க மாட்டார்.

வடக்குத் திருச்சுற்றுப் பக்கம் போனால், அந்த 400 பேருக்காகவும் ஒரு கணம் கை கூப்புங்கள். அவர்களும் ஒரு காலத்தில் இதே விடிகாலையில், இதே சந்நிதியில் நின்ற கூட்டம்தானே!