வெட்டுப்புள்ளியும் மனிதப் பெறுமதியும்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் எமது வீடுகள் சில செத்தவீடு போலாகிவிடுகின்றன. பிள்ளை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, தான் எதற்கும் உதவாத பிறவி என்று தனக்குத்தானே தீர்ப்பெழுதிக்கொள்கிறது. 'உன்னை நீயே நேசி' என்று அதற்கு உபதேசிப்பது எளிது. அத்தீர்ப்பின் ஆதாரம் யாது என்று விளக்குவோர்தான் அரியர்.

2001 ஆம் ஆண்டில் அறிமுகமான இஸட் புள்ளியை எடுத்துக்கொள்வோம். மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து, அப்பாடத்துக்குத் தோற்றியோரின் இடையைக் கழித்து, எஞ்சியதை நியம விலகலால் வகுக்கிறார்கள். ஒருவர் மற்றையோரிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதையே அவ்விலக்கம் கூறும். நாடு முழுவதும் ஒன்றுசேர்ந்து திறமையாகப் படித்தாலும் அதன் சராசரி பூச்சியந்தான்! வெட்டுப்புள்ளியோ ஆசனங்களின் தொகையைப் பொறுத்தது. மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுவது. (பின்தங்கிய மாவட்டங்களுக்கான ஒதுக்கீட்டை நாம் குறை கூறவில்லை, அது நியாயமானதே.) அதே விடைகளை வேறொரு மாவட்டத்திலிருந்து எழுதிய பிள்ளை தெரிவாகியிருக்கவும் கூடும்.

1945 இல் இலவசக் கல்வி பாடசாலைக் கதவுகளைத் திறந்தது. பல்கலைக்கழக வாசல் மட்டும் இன்றும் ஒடுங்கியே கிடக்கிறது. நெரிசலில் வெளியே தள்ளப்பட்ட பிள்ளை தன் தோளின் அகலத்தை நொந்துகொள்கிறது.

தன்னை ஏற்பது வேறு, தன் நிலைமையை ஏற்பது வேறு. தன்னையே வெறுக்கும் பிள்ளைக்கு, ஆசனங்கள் ஏன் போதவில்லை என்று கேட்க நா எழாது.

மறுநாள் பாடசாலை வாசலில் தெரிவானோரின் படங்களைத் தொங்கவிடுகிறோம். அதே வகுப்பில் இரண்டு வருடம் இருந்த ஏனையோரின் வீடுகளுக்கு எம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்?