பகைவன் நிலத்துக்கு விதை

சாட் நாட்டு எல்லையில் இருக்கும் அத்ரே, மேற்கு டார்ஃபூருக்கு உதவிப் பொருள் போய்ச் சேர வேண்டிய முக்கிய வாசல். 2024 பிப்ரவரியில் சூடான் அரசு அதை அடைத்தது. அந்த வழியாக, தன்னோடு போரிடும் ஆர்.எஸ்.எஃப் துணைப்படைக்கு ஆயுதம் போகிறது என்று காரணம் சொன்னது. ஆகஸ்ட் 15 வரை கதவு திறக்கவில்லை. இடையில் ஜூன் வந்தது, மழை வந்தது, சோளமும் கம்பும் விதைக்கிற பருவம் வந்து போனது. ஆகஸ்ட் முதல் தேதி, எல் ஃபாஷர் அருகிலுள்ள ஜம்ஜம் முகாமில் பஞ்சம் நிலவுவதாக வல்லுநர் குழு அறிவித்தது. கதவு திறந்தபோது ஓடைகளில் வெள்ளம்; லாரிகள் சேற்றில் நின்றன. தானியம் பிந்தி வந்தாலும் ஒரு வேளைப் பசியை ஆற்றும். பருவம் தப்பி வந்த விதையை வைத்து என்ன செய்வது?

பகைவன் பிடியில் இருக்கும் ஊரின் உழவனுக்கு விதை கொடுக்கலாமா என்ற கேள்வியைத்தான் அந்த ஆறு மாதங்களும் எழுப்பின. கொடுத்தே ஆக வேண்டும். போர் முடியட்டும், பிறகு உழவைச் சீர்செய்யலாம் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 2023 ஏப்ரல் 15இல் தொடங்கிய போர் எத்தனை விதைப்புகளைத் தின்றுவிட்டது என்று எண்ணிப் பார்த்தால் அந்த நியாயத்தின் லட்சணம் தெரியும்.

உழவனை உலகத்தின் அச்சாணியாகக் கண்டார் வள்ளுவர். தேரில் பகைவனும் ஏறியிருக்கிறான் என்பதற்காக அச்சாணியைப் பிடுங்கலாம் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. தலையாலங்கானத்தில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியனிடம் புலவர் குடபுலவியனார் கேட்டது இன்னொரு படையெடுப்பை அல்ல, நீர்நிலைகளை. நீரையும் நிலத்தையும் சேர்த்துவைப்பவனே உடம்பையும் உயிரையும் படைக்கிறான் என்பது புறநானூற்றின் 18ஆம் பாட்டு சொல்லும் செய்தி. 35ஆம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனிடம் ஒரு படி மேலே போய், படையின் வெற்றியே ஏர்ச்சாலில் விளைவதுதான் என்று எடுத்துச் சொல்லி, நிலவரியையும் தள்ளுபடி செய்யவைத்தார். இரண்டு பேரும் அறம் உரைத்தது போர்க்களம் கண்ட மன்னர்களிடம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சூடானியர் மதிக்கும் மரபும் இதையே சொல்கிறது. சிரியாவுக்குப் படை அனுப்பிய கலீஃபா அபூபக்கர், காய்க்கும் மரத்தை வெட்டாதீர்கள், உண்பதற்கன்றி ஆட்டையும் ஒட்டகத்தையும் கொல்லாதீர்கள் என்று தளபதிக்குக் கட்டளையிட்டதாக இஸ்லாமிய மரபு நினைவுகூர்கிறது. நகரை முற்றுகையிடும்போதும் கனிமரத்தில் கோடரி வைக்காதே என்கிறது பைபிளின் உபாகமம். 1977இன் ஜெனீவா கூடுதல் நெறிமுறைகள் பயிரையும் பயிர்நிலத்தையும் பாசன அமைப்பையும் அழிப்பதைத் தடுக்கின்றன. மக்களைப் பட்டினி போட்டுப் போரிடுவதை 2018இல் ஐ.நா. பாதுகாப்பு அவை 2417ஆம் தீர்மானத்தால் கண்டித்தது. (நம் புறப்பாடல்களும் இதில் முழுக்கச் சுத்தமில்லை. பகைவன் நாட்டைக் கொள்ளையிட்டு எரியூட்டுவதைப் பாட மழபுலவஞ்சி என்று ஒரு துறையே உண்டு. அதை வீரமென்று பாடிய நாவுகளை இன்று மேற்கோளுக்கு அழைக்க வேண்டியதில்லை.)

மானாவாரியில் ஒரு ஹெக்டேருக்குச் சோள விதை 10 முதல் 15 கிலோ போதும். மழை சுமாராகப் பெய்து அரை டன் விளைந்தாலும் ஒரு குடும்பம் பல மாதம் அசீதா கிண்டிச் சாப்பிடலாம். அது ஏறக்குறைய நம் களிதான். 10 டன் லாரியில் விதை ஏற்றினால் 600 குடும்பங்களுக்கு மேல் ஆளுக்கொரு ஹெக்டேர் விதைக்கலாம். அதே லாரியில் தானியம் ஏற்றினால் 20 குடும்பங்களுக்கு அரை டன் வீதம் கொடுப்பதோடு சரி. ஆனால் விதையை மட்டும் கொடுப்பதும் அறமாகாது. வயிறு காய்ந்தவன் விதையைத்தான் முதலில் உலையில் போடுவான். பகலில் விதைத்த நெல்முளையை இரவு மழையில் வாரிவந்து அடியாருக்குச் சமைத்த இளையான்குடி மாறனாருக்குச் சிவன் வந்து கைகொடுத்தான். முற்றுகையில் மாட்டுக்கு வைக்கும் கடலைப் புண்ணாக்கைத் தின்று கிடந்த எல் ஃபாஷர் மக்களுக்குக் கைகொடுக்க யாரும் வரவில்லை. 2025 அக்டோபரில் அந்த நகரம் ஆர்.எஸ்.எஃப் கையில் விழுந்தது. ஆகவே விதையோடு அறுவடை வரைக்குமான உணவும் போக வேண்டும்.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. விளைந்ததைத் துப்பாக்கி வைத்திருப்பவன் அள்ளிக்கொள்வான், அதைத் தின்று இன்னும் போரிடுவான் என்கிறார்கள். 2023 டிசம்பரில் வாத் மதனி நகரைப் பிடித்த ஆர்.எஸ்.எஃப், நீல நைல் பாசனத்தில் நூறாண்டாகப் பயிர் செய்துவந்த கெசீரா வட்டாரத்தின் டிராக்டர்களையும் கிடங்குகளையும் சூறையாடியது. அங்கிருந்த விதை வங்கியும் தப்பவில்லை. உண்மைதான். அப்படியானால் பெரிய கிடங்கில் குவிக்காமல், சீக்கிரம் முதிரும் ரகங்களைச் சிறு பொட்டலங்களாக வீட்டுக்கு வீடு, பெண்கள் கையில் கொடுக்கலாம். கொள்ளைக்காரன் இருக்கிறான் என்பது கொடுக்கும் விதத்தை மாற்றச் சொல்லுமே ஒழிய, கொடுக்காமல் இருக்கச் சொல்லாது. வயல் தரிசாகக் கிடந்தாலும் படைக்காரன் பட்டினி கிடப்பதில்லை. அவனுக்குத் தங்கம் இருக்கிறது, எல்லை தாண்டி வரும் உதவி இருக்கிறது. உழவனுக்கு அந்த வயலை விட்டால் வேறில்லை.

2025 ஜனவரியில் வாத் மதனியை அரசுப் படை மீட்டது. அடுத்த மாதமே சூடானின் சோள வகைகள் சில நார்வேயின் சுவால்பார்ட் விதைப் பெட்டகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பனிமலைக்குள் வைத்த விதை பத்திரமாக இருக்கும், நல்லது. டார்ஃபூர் உழவனுக்கு வேண்டியது திறந்திருக்கும் ஒரு சாலை. அத்ரேயைத் திறந்தபோது அரசு தந்தது மூன்று மாத அனுமதி. பிறகு நீட்டிப்பு, மீண்டும் நீட்டிப்பு. விதை மே மாதத்துக்குள் ஊருக்குப் போக வேண்டும், சோளம் வீடு வந்து சேர நவம்பர் ஆகும், அதுவரை உணவும் போய்க்கொண்டிருக்க வேண்டும். அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போடுகிறவர்கள் குறைந்தபட்சம் ஒரு பயிர்க்காலத்தைக் கணக்கில் வைத்துத் தேதியை எழுதட்டும்.