விண்ணப்பமும் ஒரு சாட்சியமே

சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு, இஷாத் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்த பின், எங்கள் செஞ்சி மஹல்லாவைச் சேர்ந்த வாலிபர் ஒருவர் என்னிடம் வந்து ஸலாம் சொல்லி, ஒரு தாளை நீட்டினார். பி.எஸ்ஸி. தேறியவர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் மேற்படிப்புக்கு விண்ணப்பம் தயாரித்துக்கொண்டிருந்தார். தந்தை தையற்காரர். விண்ணப்பக் கட்டணத்துக்கும் ஆங்கிலத் தேர்வுக் கட்டணத்துக்குமாகத் தாயாரின் இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயிருந்தன.

அவர் நீட்டிய தாள், மதரஸாவின் பெயரால் நான் கையொப்பமிட வேண்டிய நற்சான்றுக் கடிதம். அவரே எழுதிக்கொண்டு வந்திருந்தார். மக்தப் பிள்ளைகளுக்கு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இலவசமாகக் கணக்குப் பாடம் நடத்தினார் என்று அதில் கண்டிருந்தது. அவர் நடத்தியது ஒரு கோடை விடுமுறையில் நாற்பத்தைந்து நாட்கள்.

"தம்பி, மூன்று ஆண்டு என்று போட்டிருக்கிறதே?" என்றேன்.

"ஹஜ்ரத், எல்லோரும் இப்படித்தான் போடுகிறார்கள். உள்ளதை மட்டும் எழுதினால் நம் விண்ணப்பத்தை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்" என்றார். குரலில் திமிர் இல்லை, பயம்தான் இருந்தது.

பேனா என் கையில் இருந்தது. வாசகப் பெருமக்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இதற்கு முன் வேறொருவர் வேலைக்காகக் கொண்டுவந்த இத்தகைய தாளில், படித்துக்கூடப் பார்க்காமல் நான் கையொப்பமிட்டிருக்கிறேன். ஆகவே அன்றிரவு அந்த வாலிபரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. "ஃபஜ்ருக்குப் பின் வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இரவெல்லாம் என்னை உறுத்திய கேள்வியைத்தான் இங்கே உங்கள் முன் வைக்கிறேன். ஏழை வீட்டுப் பிள்ளை ஒன்று முன்னேறுவதற்காக ஒரு தாளில் நாலு சொல்லைக் கூட்டி எழுதுவது அவ்வளவு பெரிய குற்றமா?

முதலில், விண்ணப்பம் என்பது என்ன என்று பார்ப்போம். மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பவர் மதிப்பெண் பட்டியலோடு, தாம் ஏன் இதைப் படிக்க விரும்புகிறார், இதுவரை என்ன செய்திருக்கிறார் என்பதை விளக்கும் ஒரு நோக்கவுரையும் எழுதவேண்டும். அவரை அறிந்த இரண்டு அல்லது மூன்று பேர் பரிந்துரைக் கடிதம் தரவேண்டும். கடைசியில், மேற்கண்டவை யாவும் உண்மை என்ற உறுதிமொழி இருக்கும். முன்பெல்லாம் சான்றிதழ் நகலில் கெஜட் பதிவு பெற்ற அதிகாரியின் கையொப்பத்துக்காக ஆபீஸ் வாசலில் காத்துக் கிடந்தோம். இப்போது நம் நாட்டில் பெரும்பாலான இடங்களில் விண்ணப்பதாரர் தாமே சான்றொப்பம் இட்டால் போதும். ஆக, அவர் தமக்குத் தாமே சாட்சியாகிறார்.

தனக்குத் தானே சாட்சி! இது நமக்குப் புதிதல்ல. மனிதன் எத்தனை சாக்குப்போக்குச் சொன்னாலும் தன்னைப் பற்றித் தானே நன்கறிந்த சாட்சியாக இருக்கிறான் என்று அல்கியாமா அத்தியாயம் (75:14,15) அறிவிக்கிறது. மறுமையில் ஏட்டை அவன் கையிலேயே கொடுத்து, நீயே படி, உன் கணக்கைப் பார்க்க இன்று நீயே போதும் என்று சொல்லப்படும் என்பது பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் (17:14) கருத்து. இம்மையில் நாம் எழுதும் ஒவ்வொரு சுயவிவரமும் அந்தப் பெரிய ஏட்டின் ஒரு பக்கம்தான்.

அப்படியானால் ஒருவர் தம் தகுதியைத் தாமே எடுத்துச் சொல்வது தற்பெருமை ஆகாதா என்று சிலர் கேட்கலாம். உங்களை நீங்களே பரிசுத்தவான்கள் என்று புகழ்ந்துகொள்ளாதீர்கள் என்று அந்நஜ்ம் அத்தியாயம் (53:32) தடுக்கவும் செய்கிறது. ஆனால் நபி யூசுஃப் (அலை) அவர்களைப் பாருங்கள். எங்கள் ஊர்க் கோட்டையில், ராஜகிரி மலையடிவாரத்திலுள்ள பழைய நெற்களஞ்சியங்களைக் காணும்போதெல்லாம் எனக்கு அவர்களின் நினைவே வரும். எகிப்து மன்னரிடம், நாட்டின் களஞ்சியங்களுக்கு என்னைப் பொறுப்பாக்குங்கள், நான் பாதுகாப்பவன், விவரம் அறிந்தவன் என்று அவர்கள் கேட்டார்கள் (12:55). அதுவும் ஒரு விண்ணப்பமே! அந்தப் பணிக்கு எந்த இரு தகுதிகள் தேவையோ அவற்றை மட்டும் சொன்னார்கள். தம்மிடம் உள்ளதையே சொன்னார்கள். வரவிருந்த பஞ்சத்தில் மக்கள் பிழைக்கவேண்டும் என்பதற்காகச் சொன்னார்கள். இம்மூன்றும் இருந்தால் தகுதியைச் சொல்வது பெருமையாகாது. நம் பிள்ளைகளில் பலர் கூச்சத்தால் உண்மையான திறமையையும் எழுதாமல் விடுகிறார்கள். அதுவும் சரியல்ல. ரப்பின் அருட்கொடையை எடுத்துரைக்கும்படியும் நமக்குக் கட்டளை உண்டு (93:11).

நபி மூஸா (அலை) அவர்களோ தம் குறையையும் மறைக்கவில்லை. என் சகோதரர் ஹாரூன் என்னைவிடத் தெளிவாகப் பேசுபவர், அவரையும் எனக்குத் துணையாக அனுப்புவாயாக என்று வேண்டினார்கள் (28:34). குறையை ஒப்புக்கொண்டதால் அவர்களின் தூதுத்துவம் குறைந்துவிடவில்லை.

எல்லை எங்கே என்பதை நாயகம் (ஸல்) அவர்கள் காட்டித் தந்திருக்கிறார்கள். ஒரு பெண்மணி வந்து, கணவர் எனக்குத் தராததைத் தந்ததாகச் சக்களத்தியிடம் காட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். தனக்குக் கொடுக்கப்படாததைக் கொண்டு நிறைவு பெற்றவனாகக் காட்டிக்கொள்பவன் பொய்யான இரண்டு ஆடைகளை அணிந்தவனைப் போன்றவன் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) பதிலளித்தார்கள். அஸ்மா (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. செய்யாத ஆராய்ச்சியைச் செய்ததாகவும், கற்காத மொழியைக் கற்றதாகவும் எழுதும் சுயவிவரம் அந்த இரவல் ஆடைதான். பிறர் எழுதிய நோக்கவுரையை விலைக்கு வாங்கித் தன் பெயரில் அனுப்புவதும், செயற்கை நுண்ணறிவு இயந்திரம் கற்பனையாகக் கோத்துத் தந்த வாழ்க்கையைத் தன் வாழ்க்கை என்று ஒப்பமிடுவதும் அதே ஆடையே. எழுத்துப் பிழை திருத்த உதவி பெறலாம். வாழ்க்கையை இரவல் பெறலாகாது.

அடுத்து, பரிந்துரைக் கடிதம். நம் நாட்டில் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. "நீயே எழுதிக்கொண்டு வா, கையொப்பம் போட்டுத் தருகிறேன்" என்று ஆசிரியர் சொல்லிவிடுகிறார். மாணவர் தம்மைத் தாமே புகழ்ந்து எழுத, ஆசிரியர் படிக்காமல் ஒப்பமிடுகிறார். இது கூடுமா? மாணவர் விவரங்களைக் குறித்துக் கொடுக்க, ஆசிரியர் வரிவரியாகப் படித்து, தாம் அறியாததை அடித்து, அறிந்ததைச் சேர்த்து ஒப்பமிட்டால், மாணவர் வெறும் எழுத்தர், சாட்சியம் ஆசிரியருடையதே. அதில் குற்றமில்லை. படிக்காமல் ஒப்பமிட்டாலோ அது அறியாததற்குச் சொல்லும் சாட்சி. யூசுஃப் நபியின் சகோதரர்கள்கூடத் தந்தையிடம், நாங்கள் அறிந்ததற்கே அன்றி சாட்சி சொல்லவில்லை என்றார்கள் (12:81).

உமர் (ரலி) அவர்களிடம் ஒருவர் இன்னொருவரைத் தமக்குத் தெரியும் என்று உறுதி கூறியபோது, அவருடைய அண்டை வீட்டுக்காரரா நீர், அவருடன் பொற்காசு வெள்ளிக்காசு கொடுக்கல் வாங்கல் செய்ததுண்டா, பயணத்தில் உடன் சென்றதுண்டா என்று கேட்டார்களாம். எல்லாவற்றுக்கும் இல்லை என்று பதில் வரவே, அப்படியானால் அவரை உமக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். பைஹகீயில் பதிவான செய்தி இது. கடிதம் எழுதும் ஒவ்வொருவரும் பேனாவைத் திறக்குமுன் இந்தக் கேள்விகளைத் தம்மிடமே கேட்டுக்கொள்ளவேண்டும்.

நல்ல பரிந்துரை செய்பவருக்கு அதில் ஒரு பங்கும், தீய பரிந்துரை செய்பவருக்கு அதில் ஒரு சுமையும் உண்டு என்று அன்னிஸா அத்தியாயம் (4:85) கூறுகிறது. பெரும் பாவங்களை எண்ணிச் சொல்லி வந்த நாயகம் (ஸல்) அவர்கள், பொய்ச் சாட்சியைச் சொல்லும்போது சாய்ந்திருந்த நிலையிலிருந்து எழுந்து உட்கார்ந்து, அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். போதும், நிறுத்திவிடக் கூடாதா என்று நாங்கள் நினைக்கும் அளவுக்குச் சொன்னார்கள் என்று அபூ பக்ரா (ரலி) அறிவிக்கிறார்கள். அன்றிரவு என் கையிலிருந்த பேனா கனத்தது இந்த ஹதீஸால்தான்.

இனி அந்த வாலிபரின் வாதத்துக்கு வருவோம். எல்லோரும் பொய் எழுதும்போது நம் பிள்ளை மட்டும் உண்மை எழுதினால் நஷ்டம் நமக்குத்தானே? பின்தங்கிய சமுதாயம் இன்னும் பின்தங்கிவிடாதா? இது லேசான கேள்வி அல்ல. சிறுபான்மை ஆராய்ச்சி மாணவர்களுக்கு மத்திய அரசு வழங்கிவந்த மௌலானா ஆஸாத் உதவித்தொகைத் திட்டமும் 2022ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டுவிட்டது. கதவுகள் குறுகுவது மெய்தான்.

ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். இடங்கள் எண்ணி வைக்கப்பட்டவை. பொய்யால் நாம் ஓர் இடத்தைப் பெற்றால், உண்மை எழுதிய யாரோ ஒருவர் வெளியே நிற்கிறார். அவரும் ஓர் ஏழைத் தையற்காரரின் பிள்ளையாக இருக்கலாம். அவர் தாயின் வளையலும் அடகில் இருக்கலாம். இது ஹக்குல் இபாத், அடியார்களின் உரிமை. அல்லாஹ்வின் உரிமையில் செய்த பிழைக்கு அதை விட்டு விலகி, வருந்தி, இனிச் செய்வதில்லை என உறுதிகொண்டால் தவ்பா நிறைவேறும். மனிதனின் உரிமையைப் பறித்திருந்தால், அதை உரியவரிடம் சேர்ப்பிப்பது அல்லது அவரிடம் மன்னிப்புப் பெறுவது என்ற நான்காவது நிபந்தனையும் உண்டு என்று இமாம் நவவீ (ரஹ்) எழுதுகிறார்கள். பணத்தைத் திருடியவன் உடையவனைத் தேடிப் போய்க் கொடுக்கலாம். இடத்தைத் திருடியவன் யாரைத் தேடிப் போவான்? பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. மஹ்ஷர் மைதானத்தில் அவர் வந்து நிற்கும்போதுதான் முகமே தெரியும்!

நிர்ப்பந்தத்தில் விலக்கப்பட்டதும் கூடும் என்பார்கள். அந்தச் சலுகை, பட்டினியால் உயிர் போகும் நிலையில் இருப்பவனைப் போன்றோருக்கு உரியது. இந்த ஆண்டு ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காதது துக்கம்தான், நிர்ப்பந்தம் ஆகாது.

உண்மை எழுதினால் இடம் கிடைத்தே தீரும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். தபூக் போருக்குச் செல்லாமல் பின்தங்கியவர்கள் பொய்ச் சாக்குச் சொல்லி அன்றே நிம்மதியாக வீடு திரும்பினார்கள். உண்மையைச் சொன்ன கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களோடு ஐம்பது நாட்கள் யாரும் பேசவில்லை. உண்மைக்கு முதலில் கிடைத்தது தண்டனையே. அவர்களின் தவ்பா ஏற்கப்பட்டது பற்றிய வசனம் (9:118) பிறகுதான் இறங்கியது.

எனினும், உண்மை எப்போதும் தோற்கும் என்று அஞ்சுவதும் தவறு. சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த இராமானுஜன் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோது, தமக்குப் பல்கலைக்கழகக் கல்வி இல்லை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, தாம் கண்ட கணிதத்தை இணைத்து அனுப்பினார். அதே ஆண்டில், பட்டம் இல்லாதிருந்தும், சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. இராமேஸ்வரத்து அப்துல் கலாம் அவர்கள் சென்னை எம்.ஐ.டி.யில் சேரத் தமக்கை ஸோஹரா தம் நகைகளை அடகு வைத்தார். படிப்பு முடிந்து விமானப்படைத் தேர்வுக்குச் சென்றபோது எட்டுப் பேரை எடுத்துக்கொண்டார்கள், கலாம் ஒன்பதாவது. அந்தக் கதவு மூடியதால் ரிஸ்கின் கதவு மூடிவிடவில்லை.

எங்கள் கோட்டைக்குக்கூட ஒரு விண்ணப்பம் போனது. 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராத்தியக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக, தமிழகத்திலிருந்து செஞ்சி மட்டும் இடம் பெற்றது. எழுதிக் கொடுத்ததை மட்டும் நம்பி யாரும் சேர்க்கவில்லை. நிபுணர்கள் நேரில் வந்து பார்த்தார்கள். இடிந்த மதிலும், கூரையற்ற மண்டபங்களும், ஸஆதத்துல்லாஹ் கானின் பழைய பள்ளிவாசலும் உள்ளது உள்ளபடியே நின்றன. இழந்ததை மறைக்காமல், மிஞ்சியிருப்பதைக் கொண்டே ஒன்று மதிப்புப் பெற முடியும்.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் அந்த வாலிபர் வந்தார். பழைய தாளை ஓரமாக வைத்துவிட்டு, நான் கண்ணால் கண்டதை எழுதினேன். ஒரு கோடை விடுமுறையில் நாற்பத்தைந்து நாட்கள் தினமும் அஸருக்குப் பின் வந்தார். பதினொரு பிள்ளைகளுக்கு வகுத்தல் கணக்குக் கற்பித்தார். அவர்களில் பள்ளிப் படிப்பையே விட்டுவிடுவதாக இருந்த ஒருவன் இன்றும் படித்துக்கொண்டிருக்கிறான். ஆறு வரிகள்தான் வந்தன. அவர் படித்துப் பார்த்துச் சற்று நேரம் பேசவில்லை. "சின்னதாக இருக்கிறது ஹஜ்ரத்" என்றார். "ஆம் தம்பி, உள்ளது அவ்வளவுதான்" என்றேன். இஸ்திகாரா தொழுதுவிட்டு அனுப்பும்படி சொன்னேன்.

ஒரு பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. மற்ற இரண்டிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. வளையல்கள் இன்னும் அடகிலேயே இருக்கின்றன. அவருடைய தாயார் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று நான் கேட்கத் துணியவில்லை. முன்பு படிக்காமல் இட்ட கையொப்பத்துக்காக நான் தேட வேண்டிய மனிதரும் எங்கோ இருக்கிறார். அவருக்காக துஆச் செய்வதைத் தவிர எனக்கு வழி தெரியவில்லை.

பெற்றோர்களே! பிள்ளையின் விண்ணப்பத்தை அனுப்புமுன் ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வொரு வரிக்கும் "இது நடந்ததா?" என்று கேளுங்கள். ஆசிரியர்களே, ஜமாஅத் பெரியவர்களே! கேட்டு வரும் பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். அதே வேளையில், படிக்காமல் ஒப்பமும் இடாதீர்கள்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதை அடைய ஹலாலான வழியையும், வழி தாமதமாகும்போது பொறுமையையும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக! ஆமீன்.