வீடே பள்ளிக்கூடமானால்

 



மார்க்க விஷயம் எழுதுவதற்கு நம்மிடையே ஆலிம்கள் பலர் இருக்கிறார்கள். நானோ மளிகைக் கடை வைத்திருப்பவன். மதரஸாவில் ஓதியதும் தொடக்கப் பள்ளியில் படித்ததும்தான் என் படிப்பு. ஆயினும் சில காலமாகக் கடைக்கு வரும் தாய்மார்களும், ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நிற்கும் வாலிபர்களும் ஒரே விஷயத்தைக் கேட்டு வருகிறார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திற்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக் கற்பிக்கலாமா, மார்க்கத்தில் அதற்கு இடம் உண்டா, சட்டம் விடுமா, நம்மால் ஆகுமா என்கிறார்கள். முதல் மூன்றுக்கும் பதில் சுலபம். கடைசிக் கேள்விக்குத்தான் நின்று நிதானித்துப் பதில் சொல்ல வேண்டும்.

மார்க்கத்தில் இடம் உண்டா என்றால், இஸ்லாத்தின் முதல் பள்ளிக்கூடமே ஒரு வீடுதான். மக்காவில் ஸஃபா குன்றுக்கு அருகே அர்க்கம் (ரலி) அவர்களின் வீட்டில்தான் பெருமானார் (ஸல்) அவர்கள் ஆரம்ப நாட்களில் தோழர்களுக்கு மார்க்கம் கற்பித்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறையோ ஹதீதுக் கலைக்கே கலாசாலையாக இருந்தது. அவர்கள் வழியாக வந்த ஹதீதுகள் 2,210 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சகோதரியின் மகன் உர்வா அவர்கள் கேட்டுக் கேட்டுப் பெரிய அறிஞரானது அந்தச் சின்ன அறையில்தான். அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் ஷிஃபா (ரலி) என்ற பெண்மணி. நம் ஊர்ப் பக்கமும் அப்படியே. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பெண் பிள்ளைகள் ஓதும் வீட்டுக்குப் போய்க் குர்ஆன் ஓதி, அதே எழுத்தைக் கொண்டு அரபுத்தமிழ் நூல்களையும் வாசித்து அறிவாளிகளானார்கள். பலகைக் கல்வி இல்லையே தவிர, கல்வி இல்லாமல் இல்லை.

நிற்க. லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் சொன்ன புத்திமதியைக் குர்ஆன் ஷரீபின் 31-ஆவது அத்தியாயத்தில் ஓதுகிறோம். அதுவும் ஒரு தகப்பன் வீட்டில் நடத்திய பாடம்தானே! அதன் வரிசையைச் சற்றுக் கவனியுங்கள். முதலில் இறைவனுக்கு இணை வைக்காமை. பிறகு, கடுகளவு செயலானாலும் அவன் அறிவான் என்ற விஷயம். கடுகை நாள்தோறும் நிறுத்து விற்கிறவனாகையால் அந்த இடம் வரும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். அதன் பின்னர் தொழுகை, பொறுமை. கடைசியாக நடையில் பணிவும் குரலில் தாழ்வும். குரலை உயர்த்தாதே என்பதற்குக் கழுதையின் கத்தல் உதாரணமாக வருகிறது. மகனே என்று கனிவோடு மூன்று முறை அழைத்துச் சொன்ன பாடம் அது. வீட்டில் கற்பிக்க நினைக்கும் பெற்றோர் இந்த வரிசையை மனத்தில் வைக்க வேண்டும். பெருக்கல் வாய்பாடு மறந்துபோன பிள்ளை முன்னால் நம் குரல் எப்படி இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி சட்டம். சிங்கப்பூரில் கட்டாயக் கல்விச் சட்டம் 2000-ஆம் ஆண்டு நிறைவேறி, 2003 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. வீட்டில் கற்பிக்க நாடுவோர் கல்வி அமைச்சிடம் விதிவிலக்குக் கேட்டு, யார் கற்பிப்பார், என்னென்ன பாடம், எந்த முறை என்று திட்டம் எழுதிக் கொடுத்து அனுமதி பெற வேண்டும். பிள்ளை தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வை எழுதியாக வேண்டும். எழுதினால் மட்டும் போதாது. தேசியப் பள்ளிகளில் அதே ஆண்டு நான்கு பாடங்களையும் பொது நிலையில் எழுதியவர்களில் நூறு பேரை வரிசைப்படுத்தினால், கீழிருந்து 33-ஆவது இடத்திற்குக் குறையாத தேர்ச்சி இருக்க வேண்டும். ஆங்கிலம், கணிதம், அறிவியலோடு தாய்மொழியும் உண்டு. நமக்கு அது தமிழ். மலேசியாவிலும் 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். அங்கும் அமைச்சின் அனுமதி இல்லாமல் பிள்ளையை வீட்டில் நிறுத்தலாகாது. "நம் பிள்ளை, நம் இஷ்டம்" என்று பேசுவது செல்லாது.

சிலர், "2020-இல் நோய்க் காலத்தில் எல்லாப் பிள்ளைகளும் வீட்டில்தானே படித்தார்கள், அதைப் போலத்தானே" என்கிறார்கள். அது வேறு, இது வேறு. அந்த ஏப்ரல் மாதம் 8-ஆம் நாள் முதல் பள்ளிக்கூடங்கள் பாடத்தை வீட்டிற்கு அனுப்பின. பாடம் போட்டவர் ஆசிரியர், திருத்தியவர் ஆசிரியர், பிள்ளையை உட்கார வைத்தது மட்டும் தாய். வீட்டுக் கல்வியிலோ சரக்குப் பிடிப்பதும் நிறுப்பதும் கணக்கு எழுதுவதும் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. முதலாளியும் அவரே, கடைப் பையனும் அவரே!

எங்கள் வட்டாரத்தில் மூன்று பிள்ளைகளை வீட்டில் வைத்துக் கற்பிக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது. பெயர் போடுவதில் அவர்களுக்கு விருப்பமில்லை. அத்தா பேருந்து ஓட்டுகிறார். ஒரு வாரம் காலை ஷிப்டு, ஒரு வாரம் மாலை ஷிப்டு. மூத்த பெண்ணுக்கு வயது 12, அடுத்த பையனுக்கு 9, கடைக்குட்டிக்கு 5. அவர்களுடைய ஒரு நாளை இங்கே சொல்கிறேன். ஏனென்றால் நம்மால் ஆகுமா என்ற கேள்விக்கு விடை ஒரு நாளின் நடப்பில்தான் இருக்கிறது.

அவர்கள் வீட்டுக் கடிகாரம் ஐவேளைத் தொழுகை. இந்நாடு பூமத்திய ரேகைக்கு அருகே இருப்பதால் தொழுகை நேரம் ஆண்டு முழுவதும் அரை மணி அளவுக்குத்தான் முன்னே பின்னே போகும். லண்டனில் வாழும் முஸ்லிம்களுக்கு இந்த வசதி இல்லை. கோடைக்கும் குளிருக்கும் அவர்களுடைய நேரம் பல மணி மாறிவிடும். நமக்கு அல்லாஹ் ஆணி அடித்தாற்போல் ஐந்து நேரத்தைக் கொடுத்திருக்கிறான். அதில் பாடத்தை மாட்டிவிட்டால் போதும்.

சுபுஹு தொழுததும் ஓதல். தாயார் அடுப்படியில் நின்றபடியே மூன்று பேரின் ஓதலையும் கேட்கிறார். பிழை வந்தால் அங்கிருந்தே குரல் வரும். பசியாறிய பிறகு எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை கடினமான பாடங்கள். இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. தாய் ஒருத்தி, பிள்ளைகள் மூவர். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குத் தாய் தேவைப்படும்படி பாடம் போட்டால் அன்றைக்கு வீடு சந்தைக்கடைதான். மூத்தவளுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுக்கும் அரை மணியில், பையன் தானாகச் செய்யக்கூடிய எழுத்து வேலையில் இருப்பான். சின்னவன் பாசிப்பயறும் கடலையும் கலந்த தட்டை வைத்துக்கொண்டு பிரித்து, பத்துப் பத்தாகக் குவித்து எண்ணுவான். (பயறு என் கடையில் வாங்கியதுதான், எண்ணி முடிந்ததும் ஊறப் போட்டு முளை கட்டுவார்கள், அது பையனுக்கு அறிவியல் பாடம். மிச்சம் சுண்டலாகிவிடும். வீணானது ஒன்றுமில்லை.) பிறகு பையனுக்குத் தாய் தேவை, அப்போது மூத்தவள் தம்பிக்குக் கதை வாசித்துக் காட்டுவாள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் சிறு பிள்ளையாக இருந்தபோது தாயாரிடம் ஓதல் சம்பளம் கொடுக்கக் காசில்லை; உஸ்தாது இல்லாத நேரத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு அவரே சொல்லிக்கொடுத்ததால் சம்பளம் வேண்டாம் என்று உஸ்தாது விட்டுவிட்டார் என்று படித்திருக்கிறோம். சொல்லிக்கொடுக்கும் பிள்ளைக்குத்தான் பாடம் இரட்டிப்பாகப் பதியும்.

லுஹர் தொழுது சாப்பிட்ட பிறகு தமிழ் வாசிப்பு. வீட்டில் தமிழ் பேசினால் போதும், தமிழ் வந்துவிடும் என்று நம்மவர் பலர் எண்ணுகிறார்கள். பேச்சு வரும், எழுத்து வராது. வட்டார நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் இரவல் கிடைக்கின்றன. இவர்கள் வாரம் ஒரு முறை பை நிறையக் கொண்டு வருகிறார்கள். அஸருக்குப் பிறகு பாடமே கிடையாது. புளோக்கின் கீழே மற்றப் பிள்ளைகளோடு பந்து, சைக்கிள். மஃரிபுக்கு வீடு திரும்பியாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை இரவு, அத்தாவின் அடுத்த வார ஷிப்டு தெரிந்ததும், கணவனும் மனைவியும் ஒரு நோட்டை விரித்து வாரக் கணக்குப் போடுகிறார்கள். பென்சிலில்தான் எழுதுவார்கள். பேனாவில் எழுதினால் மாற்ற மனம் வராதாம். திங்கள் முதல் வியாழன் வரைதான் பாடம் நிரப்புவது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ, எஞ்சிய நேரம் வெறுமையாகவே இருக்கும். காய்ச்சலாலும் விருந்தாளியாலும் விட்டுப்போனது அந்த வெறுமையில் வந்து உட்காரும். ஐந்து நாளையும் நிரப்பிவிட்டால் ஒரு நாள் தவறியதும் வாரமே கெட்டுப்போகிறது. ரமலானில் பாடம் பாதியாகும். பிறை ஆண்டுக்கு ஆண்டு ஏறத்தாழ 11 நாள் முன்னதாக வருவதால் சென்ற ஆண்டுத் திட்டத்தை அப்படியே எடுத்துப் போட முடியாது. ஆகஸ்டில் வாய்மொழித் தேர்வு, செப்டம்பர் கடைசியில் எழுத்துத் தேர்வு. அதிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வருகிறார்கள்.

இப்னு மஸ்வூத் (ரலி) அவர்கள் வியாழக்கிழமை தோறும் மட்டும் மக்களுக்கு உபதேசம் செய்வார்கள். தினமும் செய்யக்கூடாதா என்று ஒருவர் கேட்டதற்கு, உங்களுக்குச் சலிப்பு உண்டாக்க எனக்கு விருப்பமில்லை, பெருமானார் (ஸல்) அவர்களும் எங்கள் விஷயத்தில் இப்படியே இடைவெளி விட்டு நடந்தார்கள் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். ஸஹாபாக்களே சலிப்படைவார்கள் என்றால், ஒன்பது வயதுப் பையன் எம்மாத்திரம்!

இதுவரை சொன்னதைக் கேட்டு எல்லாம் இனிப்பாக இருக்கிறதே என்று எண்ணிவிடாதீர்கள். முதல் ஆண்டில் அந்த நோட்டில் எல்லாக் கட்டத்திலும் ஒரே பெயர்தான் இருந்தது: அம்மா. கணிதம் அம்மா, தமிழ் அம்மா, நூலகம் அம்மா, சமையல் அம்மா. ஒரு நாள் அரிசி வாங்க வந்த அந்தச் சகோதரி, "அண்ணே, பிள்ளைகள் எல்லாருக்கும் லீவு இருக்கிறது, எனக்குத்தான் இல்லை" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அருகில் நின்ற என் மனைவிக்கும் கண் கலங்கிவிட்டது. சோர்ந்த தாயிடம் படிக்கும் பிள்ளை பாடத்தைவிடச் சோர்வைத்தான் அதிகம் படிக்கும்.

பெருமானார் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. வீட்டாரின் வேலைகளில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டுவிடுவார்கள் என்று அறிவித்தார்கள். இதை நாம் மேடையில் கேட்டுத் தலையாட்டிவிட்டு, வீட்டில் தேநீர்க் கோப்பையைக்கூட எடுத்து வைப்பதில்லை. அந்த அத்தா எடுத்து வைத்தார். மாலை ஷிப்டு வாரங்களில் காலைக் கணிதம் அவருடையது. காலை ஷிப்டு வாரங்களில் மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவே தமிழும் நபிமார் சரித்திரமும் அவருடையது. பாத்திரம் கழுவுவதும் அவரே. வியாழக்கிழமை பிற்பகலில் பிள்ளைகள் தாயாரின் தாய் வீட்டில் இருப்பார்கள். அந்தக் கட்டத்தில் நோட்டில் ஒன்றும் எழுதுவதில்லை. அது அந்தச் சகோதரியின் நேரம். தூங்கினாலும் சரி, ஓதினாலும் சரி, யாரும் கேட்பதில்லை.

ஆகவே என்னிடம் கேட்கும் வாலிபர்களை நான் திருப்பிக் கேட்பது இதுதான்: "தம்பி, வாரத்தில் உன் மணி எத்தனை?" பாதிப் பேர் பதில் சொல்லாமல் சிரிக்கிறார்கள். தன் மணியைக் கொடுக்க முடியாதவர் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திற்கு அனுப்புவதே மேல். பிள்ளை அமானத். அமானத்தை வாங்கி மனைவி தலையில் வைத்துவிட்டு நாம் ஐந்தடியில் நின்று ஊர்க்கதை பேசுவது நியாயமாகாது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன், சிலருக்குக் கசக்கலாம். பள்ளிக்கூடத்தில் பிற சமயத்தார் பாடம் நடத்துகிறார்கள், பிள்ளை கெட்டுவிடும் என்ற பயத்தினால் வீட்டில் நிறுத்த நினைப்பவர்கள் உண்டு. பத்ருப் போரில் பிடிபட்ட மக்கத்துக் கைதிகளில் எழுத்தறிவுள்ளவர்கள், மதீனத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் விடுதலை என்று பெருமானார் (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். நேற்று வாளெடுத்து வந்த இணைவைப்பாளரிடம் எழுத்துக் கற்கத் தம் தோழர்களின் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள்! இங்கே நம் பெரியவர்களும் பள்ளிக்கூடத்தைக் கண்டு ஒளிந்தவர்கள் அல்லர். கடையநல்லூர் முஸ்லிம் லீக்கினர் 1946-இல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். வீட்டுக் கல்விக்கு நிய்யத் கற்பிக்கும் ஆசையாக இருக்கட்டும். ஒளித்து வைக்கும் பயமாக இருந்தால், அந்தப் பயத்தையும் பிள்ளை சேர்த்தே கற்றுக்கொள்ளும். அந்தக் குடும்பத்துப் பையனுக்கு நெருங்கிய கூட்டாளிகள் ஒரு மலாய்ப் பையனும் ஒரு சீனப் பையனும். அஸருக்குப் பிறகு அவர்கள் வந்து கதவைத் தட்டாத நாள் குறைவு.

அந்தக் குடும்பத்தின் மூத்த பெண் இவ்வாண்டு இறுதித் தேர்வு எழுதுகிறாள். நான்கு பாடத்தில் தமிழ்க் கட்டுரைக்குத்தான் பயப்படுகிறாள் என்று அவள் அத்தா சொன்னார். அவளுக்காகவும், பள்ளிக்கூடங்களிலிருந்து அவளோடு அதே தேர்வை எழுதப்போகும் நம் பிள்ளைகள் அனைவருக்காகவும் தொழுகைக்குப் பின் துஆச் செய்யுங்கள். வஸ்ஸலாம்.