மூன்றணாக் கணக்கு

தன்னலமற்ற ஒரு தலைவருக்காக விதியைச் சற்றே தளர்த்தினால் அது அநீதியாகுமா?

1934 ஜனவரியில் பீகாரைப் பூகம்பம் குலைத்தது. நிவாரண நிதியின் கணக்குப் பொறுப்பு, தஞ்சாவூரில் பிறந்த தமிழ்க் கிறிஸ்தவர் ஜே.சி. குமரப்பாவிடம் வந்தது. தொண்டர் ஒருவரின் அன்றாட உணவுக்கு மூன்றணா என அவர் வரம்பு வகுத்தார். பின்னர் காந்தியடிகள் தம் குழுவினருடன் அங்கே வந்தார். அக்குழுவின் செலவை நிதியிலிருந்து தர இயலாது என்று குமரப்பா மகாதேவ தேசாயிடம் கூறிவிட்டார். காந்தியடிகளும் அதை ஏற்றார்.

‘அண்ணலின் வருகையால் நிதி பெருகுமே, அவரிடமா இந்தக் கணக்கு?’ என்று நமக்குத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் தமிழ் விவிலியத்தில் ‘உக்கிராணக்காரன்’ என்றொரு சொல் உண்டு. பிறர் பொருளைக் காப்பவன், கேட்கும் நாளில் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவன். பீகார் நிதிக்கு உரியவர் வீடிழந்த ஏழை. அவரது சம்மதத்தைக் கேளாமல் அவர் பொருளில் தாராளம் காட்ட, எத்தனை பெரியவருக்காயினும், குமரப்பாவுக்கு உரிமை ஏது?

கறார் மட்டுமே அறமாகிவிடாது என்பதும் உண்மை. புதினாவிலும் தசமபாகம் எண்ணிக் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் கைவிட்டவர்களை இயேசு கண்டித்தார். அவர்கள் எண்ணியது தம் புண்ணியத்தை. குமரப்பா எண்ணியது எளியவரின் காசை. அவர் இயேசுவைப் பற்றி எழுதி 1945-இல் வெளிவந்த நூலின் தலைப்பில் இயேசுவின் நடைமுறை முதலில் நிற்கிறது. போதனை அதன் பின்னரே வருகிறது.