கடவுளுக்கு 41 ஓட்டு

1949 அக்டோபர் 17. அரசியல் நிர்ணய சபையில் அரசியல் சட்டத்தின் முகப்புரை விவாதத்துக்கு வந்தது. 'இந்திய மக்களாகிய நாம்' என்பதற்கு முன்னால் 'கடவுளின் பெயரால்' என்று சேர்க்க வேண்டும் என்றார் உறுப்பினர் எச்.வி. காமத். அஸ்ஸாமின் ரோகிணி குமார் சௌதுரி எழுந்தார். நாங்கள் காமாக்யா தேவியைக் கும்பிடுகிறவர்கள், கடவுளைச் சேர்த்தால் தேவியையும் சேர்க்க வேண்டாமா என்று கேட்டார். குறும்போ நிஜமோ, விஷயத்தின் முடிச்சை அவர் அவிழ்த்துவிட்டார். எந்தக் கடவுள் என்று கேட்டதுமே பந்தி பிரிந்துவிடும். கடவுளை ஓட்டெடுப்புக்கு விடும் சங்கடம் எங்களுக்கு வேண்டாம் என்று பூர்ணிமா பானர்ஜி கேட்டுக்கொண்டார். காமத் விடவில்லை. ஆதரவு 41, எதிர்ப்பு 68.

அந்த 68 பேரும் கறுப்புச் சட்டைக்காரர்கள் அல்லர். கோயிலுக்குப் போகிறவர்களும் விரதம் இருப்பவர்களும் அதில் உண்டு. திருவிதாங்கூரின் பட்டம் தாணுப் பிள்ளை, தாம் கடவுள் நம்பிக்கை உள்ளவர் என்று சொல்லியே எதிர்த்தார். நம்புவதும் நம்பாததும் அவரவர் உரிமை என்று உள்ளே எழுதிவிட்டு, வாசலில் கடவுளை நிறுத்தினால் அது கட்டாயம் ஆகாதா என்பது அவர் கேள்வி. நம் பகுத்தறிவு மேடைகளில் அவர் பெயர் அதிகம் கேட்பதில்லை. பக்தர் என்பதாலோ என்னவோ!

இன்று மதச்சார்பின்மை என்றால் எல்லாச் சாமியையும் கூப்பிடுவது என்று ஆகிவிட்டது. 2022இல் தருமபுரியில் அரசு விழாவுக்கு வந்த எம்.பி. செந்தில்குமார், ஐயர் மட்டும் நிற்பதைப் பார்த்து, பாதிரியார் எங்கே, இமாம் எங்கே, மதமே இல்லாதவர் எங்கே என்று கடிந்துகொண்டார். நியாயமான கோபம். ஆனால் அதிகாரிகள் அதில் முதல் இரண்டு கேள்விகளைத்தான் காதில் வாங்குவார்கள். அடுத்த விழாவில் இரண்டு நாற்காலி கூடும், அவ்வளவுதான். 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றத்தில் ஆதீனங்கள் சூழச் செங்கோல் வைத்தார்கள், பிறகு சர்வமதப் பிரார்த்தனையும் நடத்தினார்கள். கணக்கு சரியாகிவிட்டதாம். கும்பிடாதவனுக்கு அந்தப் பட்டியலில் வரிசை எண்ணே இல்லை.

பதவிப் பிரமாணத்தில் மட்டும் இந்தத் தகராறு இல்லை. 'ஆண்டவன் பெயரால்' என்றும் சொல்லலாம், 'உளமார' என்றும் சொல்லலாம். அரசியல் சட்டத்தின் மூன்றாவது அட்டவணை இரண்டுக்கும் இடம் தருகிறது; ஏன் என்று யாரும் கேட்பதில்லை. உளமார உறுதி சொன்ன அமைச்சர் மறுவாரமே பூமி பூசையில் செங்கல் எடுத்துக் கொடுப்பது வேறு கதை.

"ஆபீசில் ஒரு பூசை போட்டால் என்ன குடி முழுகிவிட்டது?" என்று கேட்பவர்களுக்கு: ஆயுத பூசைக்கு முந்தைய நாள் ஏதாவது ஒரு தாலுகா அலுவலகம் போய்ப் பாருங்கள். கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு, பீரோவுக்கு மாலை, வாசலில் உடைத்த பூசணிக்காய். வாரிசுச் சான்றிதழுக்கு வந்த அம்மா தீபாராதனை முடியும்வரை நிற்கிறார். பொரி கடலைப் பொட்டலம் அவர் கைக்கும் வரும், சான்றிதழ் வராது. அதற்கு முன்பே வசூல் நோட்டு மேசை மேசையாகச் சுற்றியிருக்கும். இஸ்லாமியரான இளநிலை உதவியாளரும் பெயர் எழுதி நூறு ரூபாய் வைத்திருப்பார். வற்புறுத்தவே இல்லை என்பார்கள், உண்மைதான். நோட்டை நீட்டியவர் அவருக்கு லீவு சாங்ஷன் செய்கிற மேலதிகாரி, அதுதான் சிக்கல்.

அலுவலகங்களில் உள்ள கடவுள் படங்களை எடுக்கச் சொல்லி 1968இல் அண்ணா அரசு சுற்றறிக்கை அனுப்பியது. அண்ணா வழியில் நடப்பதாகச் சொன்ன இரண்டு கட்சிகளும் அதன்பின் மாறி மாறி ஆண்டுவிட்டன. படங்கள் சுவரில்தான் இருக்கின்றன, பல இடங்களில் அண்ணா படத்துக்குப் பக்கத்திலேயே.